முதலில் யாரிடம் சொல்வீர்?

போன மாதம் நிஷா வீட்டுக்கு வந்திருந்தார். சுயதொழில் தொடங்க விரும்புகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நிலையம் ஒன்று நாகர்கோவிலில் இருக்கிறது. அங்கே நான் இருந்த இடத்தில் இப்போது அவர் இருக்கிறார். வந்ததும் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"சார், இனிமே ஆளைக் கூப்பிட்டு உக்கார வெச்சு கேள்வி கேக்க வேண்டாம். எல்லாக் கேள்வியும் இதுலயே வரும். அவங்க தட்டிக்கிட்டே போனாப் போதும். தொழிலுக்கு லாயக்கா இல்லியான்னு அதுவே மார்க்கு போட்டுரும்."

நானும் தட்டிப் பார்த்தேன். தன்னம்பிக்கை, துணிவு, விடாமுயற்சி என்று எல்லாவற்றிலும் எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது. உடனே தொழில் தொடங்கத் தகுதியானவர் என்று அது தீர்ப்புச் சொன்னது.

"பாத்தீங்களா? நாளைக்கே ஒரு கடை போட்டுருங்க" என்று நிஷா சிரித்தார். "சாய்ங்காலம் நடக்கப் போறதுக்கே மகன் கூட வரணும். கடையா?" என்றேன். போகும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னார். என்ன குணம் இருந்தால் ஒருவர் தொழிலில் நிலைப்பார் என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுப்பாராம்.

எழுத உட்கார்ந்தேன். போன் சொன்ன அதே குணங்களைத்தான் நானும் கரும்பலகையில் எழுதி எழுதி என் உத்தியோக காலத்தைக் கழித்திருக்கிறேன். அவை தவறு என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அவற்றை மட்டும் எழுதிக் கொடுத்தால் நான் பொய் எழுதியவன் ஆவேன். அதனால் என்னிடம் பயிற்சிக்கு வந்த ராஜய்யனைப் பற்றி எழுதுகிறேன்.

நான் பொருளாதாரம் படித்தவன். என் அப்பா நெய்யூர்ப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சொந்தக்காரர்களில் யாரும் பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. அந்த லட்சணத்தில் ஊராருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. சேர்ந்த புதிதில் வடக்கே ஓர் ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே நான் கற்றதில் இன்றைக்கும் மறக்காமல் இருப்பது வளைய விளையாட்டு ஒன்றுதான்.

ஒரு பலகையில் மரக்குச்சியை நட்டு, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரிசையாகக் கோடுகள் போடுவோம். பயிற்சிக்கு வந்தவரின் கையில் கயிற்று வளையங்களைக் கொடுத்து, "எந்தக் கோட்டில் வேண்டுமானாலும் நின்று குச்சியில் விழும்படி எறியுங்கள்" என்று மட்டும் சொல்வோம். வேறு எதையும் விளக்கக் கூடாது. குச்சியை ஒட்டி நிற்பவர் பயந்தவர். ஹாலின் கடைசிச் சுவரோரம் போய் நிற்பவர் அதிர்ஷ்டத்தை நம்புகிறவர். நடுவில் ஒரு கோட்டைத் தேர்ந்து, விழாவிட்டால் கொஞ்சம் முன்னே வந்து, விழுந்தால் கொஞ்சம் பின்னே போகிறவர்தான் தொழிலுக்கு ஏற்றவர். வளையம் விழுந்ததா என்பதை நான் பார்ப்பதில்லை. அவர் கால் எங்கே நகர்கிறது என்பதையே பார்ப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

குளச்சலிலிருந்து பீர் முகம்மது என்று ஒரு மீன் வியாபாரி வந்தார். நேரே குச்சியிடம் போய், குனிந்து, எல்லா வளையங்களையும் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் தூரத்திலும் நிற்கலாம், பாய்" என்றேன்.

"தூரமா நின்னா கூடுதலா ஏதாவது கிடைக்குமா, சார்?"

"இல்லை. எல்லாம் ஒன்றுதான்."

"பின்னே என்னத்துக்கு நான் அந்தச் சுவரு வரைக்கும் நடக்கணும்? காலையிலேயே மீனெடுக்கக் கடப்புறத்து மணல்ல நடந்தது போதும்."

ஹாலே சிரித்தது. துணிவு குறைவு என்று நான் குறித்துக்கொண்டேன். என் மேலதிகாரி மாதவன் பிள்ளை அதை அடித்துவிட்டார். "அவன் எறியுகதுக்கு முன்னால வெலை என்னன்னுல்லா கேட்டான், வே. அவனை விட்டா யாரை எடுப்பீரு?" என்றார்.

மாதவன் பிள்ளை பூதப்பாண்டிக்காரர். அதிகம் பேசமாட்டார். ஆள் தேர்வு நடக்கும்போது கேள்விகளை எல்லாம் நான்தான் கேட்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருப்பார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்று வந்தவருக்குத் தெரியாது. எல்லாம் முடிந்ததும் பைலை மூடி ஓரமாக நகர்த்தி வைப்பார். அதன்மேல் கண்ணாடியைக் கழற்றி வைப்பார். பிறகு மேசைமேல் கைகளை ஊன்றி, பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பது போலக் கேட்பார்.

"எல்லாம் சரிதான். ஒருவேளை இது சரியா வரல்லேன்னு வையும். அதை மொதல்ல யாருட்ட சொல்லுவீரு?"

அதுவரை கடகடவென்று பதில் சொன்னவர்கள் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். "அப்படியெல்லாம் வராது, சார்" என்பார்கள் சிலர். "வராது. வந்தா யாருட்ட சொல்லுவீரு?" என்று அதே குரலில் மறுபடி கேட்பார். "கடவுள்கிட்ட சொல்லுவேன்" என்றார் ஒருவர். "அவருக்குத்தான் தெரியுமே. வேற யாருட்ட?" என்றார். பதில் இல்லாதவர்களை அவர் தள்ளிவிட மாட்டார். "யோசிச்சுட்டு அடுத்த வாரம் வாரும்" என்று அனுப்புவார். தோவாளையிலிருந்து வந்த பூ வியாபாரி ஒருவர் அடுத்த வாரம் மனைவியையே கூட்டிவந்து மேசைக்கு முன்னால் நிறுத்தி, "இவகிட்டதான், சார்" என்றார். அந்த அம்மாளுக்கு எதற்காக வந்திருக்கிறோம் என்றே தெரியாது. "என்ன செஞ்சாரு இவரு?" என்று பயந்துபோய்க் கேட்டார். மாதவன் பிள்ளை எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. நல்ல காரியம் தொடங்க வந்தவரிடம் இப்படிக் கேட்பது அபசகுனமாகப் பட்டது. ஒருநாள் சொல்லியும் விட்டேன்.

"கல்யாணத்துக்கு வந்தவன்கிட்டயா கேக்கேன்? தொழிலுக்கு வந்தவன்கிட்டல்லா கேக்கேன்" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "தொடங்கப் போறேன்னு சொல்லுகதுக்கு யாரும் யோசிக்க மாட்டான். நிறுத்தப் போறேன்னு சொல்லுகதுக்கு ஆளு வேணும், வே. அது இல்லாதவன் வாயை மூடிக்கிட்டு எல்லாத்தையும் அதுல கொண்டு கொட்டுவான். நான் பாத்திருக்கேன்."

யாரைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில், மாலையைக் கழற்றி என் கையில் தந்தபடி, "மத்ததை எல்லாம் உம்ம இஷ்டம்போல மாத்தும். அந்தக் கேள்வியை மட்டும் விட்டுராதியும்" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

நான் தலைமையேற்று நடத்திய முதல் தேர்விலேயே விட்டுவிட்டேன். பைலை மூடிய பிறகு கேள்வி தொண்டை வரை வந்தது. எதிரே இருந்தவர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். அவருடைய அம்மா வராந்தாவில் ஜெபம் பண்ணிக்கொண்டு நின்றார். எப்படிக் கேட்பது? "வாழ்த்துக்கள்" என்று கைகொடுத்து அனுப்பினேன். ஒருமுறை விட்டதை அடுத்த முறை விடுவதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்தான் ராஜய்யன்.

மண்டைக்காட்டுக்கு வடக்கே ஒரு சிற்றூர் அவருக்கு. நெடுங்காலம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு ஊரோடு திரும்பியிருந்தார். நாற்பதைக் கடந்த வயது. வளைய விளையாட்டில் நடுக்கோட்டில் நின்றார். முதல் வளையம் விழவில்லை. குனிந்து குச்சியைப் பார்த்தார், கையிலிருந்த வளையத்தை எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார், பாதி அடி முன்னே வந்து எறிந்தார். விழுந்தது. உடனே பின்னே போனார். பயிற்சிப் புத்தகத்தில் போட்டிருந்த படம் எழுந்து வந்து நிற்பதுபோல இருந்தது எனக்கு.

என்ன தொழில் என்று கேட்டேன். "லாண்டரி, சார்" என்றார். கன்னியாகுமரி லாட்ஜ்களின் பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் எடுத்து வந்து துவைத்து, மடித்து, அன்றைக்கே திருப்பிக் கொடுக்கிற தொழில். ஷார்ஜாவில் அதைத்தான் செய்திருக்கிறார்.

"வீட்டில் என்ன சொல்கிறார்கள்?"

"வீட்டுல பரவாயில்ல. ஊருலதான். 'ஏலே, கடல் தாண்டிப் போயிட்டு வந்து அடுத்தவனுக்க அழுக்கைத் தொவைக்கவா போறே?'ன்னு எனக்க சித்தப்பா மவன் சந்தியில வெச்சுக் கேட்டான். 'ஆமாண்ணே, உங்க வேட்டியை மொதல்ல கொண்டாங்க. அதுக்குத் தனி ரேட்டு'ன்னு சொல்லிட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். ஊர் என்ன சொல்லும் என்று பயந்தே தொழிலை விட்ட எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இவரை யாருடைய பேச்சும் அசைக்காது என்று நினைத்தேன். அது உண்மை. ஒருவருடைய பேச்சைத் தவிர. அந்த ஒருவர் யார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பைலை மூடி, கைகொடுத்தேன்.

வட்டக்கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார். லாட்ஜ்களுக்குப் பக்கம். பெரிய மெஷின்கள் வந்து இறங்கின. போதகர் வந்து ஜெபம் செய்தார், நான் ரிப்பன் வெட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சபையில் ஆராதனைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். எங்கள் சபைகளில் குடும்பத்தில் நல்லது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பது வழக்கம். யார், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதைச் செயலர் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பார். மகள் பரீட்சையில் தேறியதற்காக, மகன் துபாய் போனதற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக. அந்த வரிசையில் "ராஜய்யன் குடும்பத்தார், புதிய தொழில் தொடங்கக் கிருபை செய்ததற்காக" என்று வாசித்தபோது அவர் திரும்பி, ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த என்னைத் தேடிப் பார்த்தார்.

முதல் வருஷம் நன்றாகப் போனது. நல்ல மழை. ஷெட்டில் இருந்த போர் கிணற்றில் தண்ணீர் தெளிவாக வந்தது. லாட்ஜ்காரர்கள் தேடிவந்தார்கள். ஊரிலிருந்து சில பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பயிற்சியின் முடிவிலும் ஏற்கெனவே பயிற்சி பெற்று வெற்றிகரமாகத் தொழில் நடத்தும் ஒருவரை அழைத்து வந்து பேச வைப்போம். ராஜய்யனை அழைத்தேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். இரண்டு கைகளையும் விரித்து விரித்துப் பேசினார். "ஷார்ஜாவுல நான் என்ன வேலை பாத்தேன்னு எனக்க மாமியாருக்கு இன்னைக்கும் தெரியாது. 'கம்பெனி'ன்னு சொல்லி வெச்சிருக்கேன். இங்க உள்ள யாரும் அவங்களுக்குச் சொந்தமில்லியே?" என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. கடைசியில் என்னைக் காட்டி, "இந்தச் சார் அன்னைக்குக் கைகொடுத்தாருல்லா, அதுதான் நான் தொழில்ல போட்ட முதல்" என்றார்.

அந்தச் சொல்லில் நான் மயங்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் அவர்தான். வெளியூரிலிருந்து அதிகாரிகள் வந்தாலும் அவர்தான். "எங்கள் ராஜய்யன்" என்றே அறிமுகப்படுத்துவேன்.

எப்போது மாறியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒருமுறை அவர் கைகளை விரிக்காமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பேசினார். அடுத்த முறையும் அப்படியே. வயது கூடக் கூட அடக்கம் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். வட்டக்கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த உறவினர்களோடு ஒருநாள் அந்த வழியாகப் போனபோது ஷெட்டில் மெஷின் சத்தமே இல்லை. "இன்னைக்கு சர்வீஸ், சார்" என்றார். வெளியே கொடியில் காய்ந்த விரிப்புகள் பழுப்பு ஏறியிருந்தன. வெயிலில் அப்படித் தெரிகிறது போல என்று காரில் ஏறிவிட்டேன்.

பிறகு அந்த நாள் வந்தது. பயிற்சியின் நிறைவு நாள். ராஜய்யன் வழக்கத்தைவிட முன்பாகவே வந்து என் அறை வாசலில் நின்றார்.

"சார், ஒரு காரியம் பேசணும்."

"வாரும், வாரும். ஹாலில் எல்லாரும் உமக்காகத்தான் காத்திருக்கிறாங்க."

"அதுக்கு முன்னால, சார்." உள்ளே வந்தார். உட்காரவில்லை. "அங்க வெள்ளம் சரியில்ல. போரு மாறிப் போச்சு. அதான்... நிறுத்திரலாமான்னு ஒரு யோசனை."

எங்கள் மேற்குப் பக்கத்தில் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம். அவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. 'நிறுத்திரலாமா' என்ற சொல்லும் விழுந்தது. கேட்கவில்லை என்றோ, புரியவில்லை என்றோ நான் சொல்லித் தப்பிக்க முடியாது. நான் எழுந்துபோய் அவர் தோளில் கைவைத்தேன்.

"நிறுத்துவதைப் பற்றிப் பேசுற ஆளா நீரு? ஊரே கேலி பண்ணினப்போ நின்ன ஆளாச்சே! உம்மைப் பாத்துத்தான் இத்தனை பேரு இங்க வந்து உட்கார்ந்திருக்கு. நீரே இப்படிச் சொன்னா நான் அவங்ககிட்ட என்ன சொல்லுவேன்?"

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதுவும் சரிதான், சார்" என்றார். ஹாலுக்குப் போய், முன்னெப்போதையும்விட நன்றாகப் பேசினார். அன்று அவர் பேசிய தலைப்பு விடாமுயற்சி. நான் கொடுத்த தலைப்பு அது.

அதன் பிறகு நெடுநாள் நடத்தினார். அந்த நாட்களில் நடந்ததை அவருடைய மனைவி புஷ்பம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மத்தியானம் புஷ்பம் தனியாக அலுவலகத்துக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"சார், அவருக்க கையைப் பாத்தியளா?"

"இல்லையம்மா."

"போரு வெள்ளத்துல இரும்பும் உப்பும். வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சளாப் போவுது. லாட்ஜ்காரன் திருப்பி அனுப்புகான். அந்தக் கறையை எடுக்க ஆசிட்ல முக்கி முக்கி, கையில தோலே இல்ல. கிளவுஸ் போட்டாக் கறை போனது தெரியலயாம். சோறு பிசைய முடியல்ல, ஸ்பூன்ல தின்னுகாரு. வேலைக்கு நின்ன பொம்பளைகளை எல்லாம் அனுப்பியாச்சு. தனியாக் கெடந்து பாடுபடுகாரு. எங்கப்பா தந்த மனையும் போயாச்சு. இனி இருக்குற வீடுதான்."

"நிறுத்தச் சொல்லக் கூடாதா?"

"சொல்லாமலா? எங்க அண்ணன் சொல்லியாச்சு. போதகர் சொல்லியாச்சு. பெத்த மவ அழுது பாத்துட்டா. யாரு சொன்னாலும் ஒரே பேச்சு. 'நான் சார்ட்ட என்ன மொகத்தை வெச்சுக்கிட்டுப் போவேன்?' நாங்களெல்லாம் அவருக்கு ஆளு இல்ல, சார். நீங்கதான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் ஏற்கெனவே ராஜய்யன் சொல்லிவிட்டார், நான்தான் கேட்கவில்லை என்று அந்த அம்மாளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கே போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஷெட்டில் அவர் தனியாக இருந்தார். பிளாஸ்டிக் தொட்டி முன்னால் குந்தியிருந்து ஒரு விரிப்பை அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கைகளைப் பின்னால் கொண்டுபோனார். "காட்டும்" என்றேன். தயங்கித்தான் காட்டினார். உள்ளங்கை வெந்து வெளுத்திருந்தது. விரலிடுக்குகளில் வெடிப்பு.

மாதவன் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்கும் கேள்வியைப் பற்றிச் சொன்னேன். "அன்றைக்கு அதை உம்மிடம் நான் கேட்டிருக்கணும். கேட்கவில்லை. பிறகு கேட்காமலே நீராக வந்து சொன்னீரு. அப்பவும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை மூடிரும், ராஜய்யன். நான் சொல்லுகிறேன்."

அவர் விரிப்பைத் தொட்டியிலிருந்து தூக்கிப் பிழிந்தார். கை எரிந்திருக்க வேண்டும், முகத்தில் காட்டவில்லை.

"வேண்டாம், சார்" என்றார்.

"என்ன வேண்டாம்?"

"நீங்க சொல்லி நான் மூட மாட்டேன். நீங்க சொல்லித்தானே இம்புட்டு நாளும் ஓட்டினேன்." குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கை யோசித்து முடித்தவரின் குரல் அது. "இதையும் நீங்க சொல்லிச் செஞ்சா, நாளைக்கு வேற எதுக்கும் உங்க வாசல்லதான் வந்து நிப்பேன். இதை நானே சொல்லிக்கிடுதேன். யாருட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லிக்கிடுதேன். நீங்க வெயிலுக்கு முன்னால கெளம்புங்க."

நான் வந்துவிட்டேன். அவர் மூடுவாரா என்பது எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாட்கள் ஒவ்வொரு போன் அழைப்புக்கும் திடுக்கிட்டேன். பிறகு புஷ்பம் கூப்பிட்டார். "ஞாயிற்றுக்கிழமை எங்க சபைக்கு வரணுமாம். சொல்லச் சொன்னாரு" என்றார்.

போனேன். முன்பு உட்கார்ந்த அதே பக்கத்தில் உட்கார்ந்தேன். ராஜய்யன் இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்தார். பாட்டு, வேதபாடம், பிரசங்கம் எல்லாம் முடிந்தன. செயலர் எழுந்து காணிக்கைகளை வாசித்தார். பேத்தியின் ஞானஸ்நானத்துக்காக, காய்ச்சல் குணமானதற்காக. "ராஜய்யன் குடும்பத்தார், நடத்தி வந்த தொழிலை நல்லபடியாகத் தொடங்க..." நிறுத்திக் கண்ணாடியைச் சரிசெய்தார். தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "மன்னிக்கணும். நல்லபடியாக நிறுத்தக் கிருபை செய்ததற்காக."

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ராஜய்யன் திரும்பவில்லை. தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். எல்லோருக்கும் தெரியும்படியாக வைத்திருந்தார். செயலர் அடுத்ததை வாசிக்க மறந்து நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவியின் குரல், "ஆமென்" என்றது. அதன் பிறகு பல குரல்கள் சேர்ந்துகொண்டன.

வெளியே வாசலில் சித்தப்பா மகன் ராஜய்யனைப் பிடித்துக்கொண்டார். "ஏலே ராஜய்யா, கடையை மூடினதுக்குமா காணிக்கை போடுவான்?"

"தொடங்கினதுக்குப் போட்டப்போ சபை வாங்கிச்சுல்லா அண்ணே? இதுக்கும் வாங்கட்டும். உங்க வேட்டியைத்தான் கடைசி வரைக்கும் தராமலே ஏமாத்திட்டிய."

சித்தப்பா மகன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ராஜய்யனின் கையைப் பிடித்தவர், அந்தக் கையைப் பார்த்துவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

மெஷின்கள் விலைபோயின. வீடு தப்பியது. ராஜய்யன் தக்கலையில் ஒரு லாண்டரியில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்தார். கைகள் மெல்ல ஆறின. அதன் பிறகு சொந்தமாகத் தொடங்கவில்லை. தொடங்குவேன் என்றும் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த கடைசிப் பயிற்சிக்கு அவரை மறுபடி அழைத்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். என்ன தலைப்பு என்று கேட்டார். உம் இஷ்டம் என்றேன். நான் மேடையில் உட்காராமல் ஹாலின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அவர் கைகளை விரித்து, தன் கதையைச் சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னார். வேட்டிக் கதை, மாமியார் கதை, மஞ்சளாகிப்போன விரிப்பின் கதை. லாட்ஜ் மேனேஜர் அதை உயர்த்திப் பிடித்து, "இது என்ன, சாம்பாரா?" என்று கேட்டதை நடித்தே காட்டினார். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்.

"இது சரியா வரல்லேன்னா, மொதல்ல யாருட்ட சொல்லுவீங்க?"

ஹால் அமைதியானது. மாதவன் பிள்ளையின் மேசை முன்னால் எத்தனையோ முறை நான் பார்த்த அதே அமைதி. முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "எனக்க அக்காகிட்ட" என்றார்.

"கொள்ளாம், நல்ல பதிலு" என்றார் ராஜய்யன். "ஆனா ஒரு ஆளு போதாது. நான் சொல்லப் போன ஆளு அன்னைக்குக் கேக்கல்ல. அவரு நல்ல மனுஷன்தான். அவசரத்துல இருந்தாரு. அதனால ரெண்டு பேரை வெச்சுக்கிடுங்க."

ஹால் மறுபடியும் சிரித்தது. கைதட்டியது. கேட்காத அந்த ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை. ராஜய்யனும் என் பக்கம் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்று, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

நிஷா, புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுங்கள். அந்த ஆள் நான்தான்.